செஞ்சியில் தொட்டிமீன் தீனி: ஒரு முற்றுகை வரலாறு

தொட்டிமீனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எவ்வளவு தீனி போடுவது என்ற கேள்வியை ஆய்வுலகம் அவரவர் இரக்கத்திடம் விட்டுவிட்டது. அதன் விளைவைச் செஞ்சியில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் நேரில் கண்டேன்.

அங்கே முதலில் வந்திருக்க வேண்டியது ஆக்சலாட்டில் என்னும் நீர்வாழ் சாலமாண்டர். மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021இல் நுழைந்த அந்தப் பிராணியைத்தான் அக்கா மகன் கேட்டான். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரி அதன் பூர்விகம். வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை மண்புழு போட்டால் போதும். ஆனால் தண்ணீர் 16, 18 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரையில் மூன்று மலைப் பாறையும் சேர்ந்து அனல் வீசும் ஊரில், அதை ஏசி அறையில் விட்டுவிட்டு நாம் திண்ணையில் படுக்க வேண்டியதுதான். ஆகவே சென்னை கொளத்தூரிலிருந்து இரண்டு தங்கமீன்கள் வந்தன.

கள ஆய்வு மூன்று நாள் நடந்தது. விடிகாலையில் பால் வாங்க எழும் மாமா ஒரு சிட்டிகை தீனி போட்டார். பள்ளிக்குக் கிளம்பும்போது பையன் ஒரு சிட்டிகை. "யாரும் போட்டிருக்க மாட்டாங்க" என்று அக்கா இரண்டு சிட்டிகை. அக்காவின் மாமியார் டப்பாவைத் தொடவே இல்லை. இட்லியைப் பிட்டுப் போட்டார்.

"பாவம் தம்பி, வாயத் தொறந்து தொறந்து மூடுது பாருங்க."

பசிக்கு இதுவரை கிடைத்துள்ள ஒரே மூலச் சான்று இதுதான். மீன் வாயைத் திறப்பது செவுளுக்குத் தண்ணீர் அனுப்ப, அதாவது மூச்சு விட என்றேன். "நீங்களுந்தான் மூச்சு வுடறீங்க, சாப்புடலையா?" என்றார். என்னிடம் மறுப்புரை இல்லை.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். அடைத்து வைக்க இடமில்லாததால் கிடைக்கும்போதெல்லாம் மேய்வதே அதன் பழக்கம். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளுக்கு ஒன்றிரண்டு வேளை போதும். மிஞ்சியது அடியில் அழுகி அம்மோனியா ஆகும். மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர்போல் கலங்கியிருந்தது.

கோட்டை மலையான ராஜகிரியின் அடிவாரத்தில் அவ்வளவு பெரிய நெற்களஞ்சியத்தை வைத்திருக்கும் ஊருக்குத் தீனிக் கணக்கு புதிதல்ல. 1690இல் மராத்திய அரசர் ராஜாராமை இங்கே முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்குக் கோட்டை கிடைக்க 1698 ஆயிற்று. நடுவில், 1692 கடைசியில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வந்து தானிய வழியை மறித்தபோது, பசியில் வாடியது வெளியே நின்ற முகலாயப் படைதான். 1693 தொடக்கத்தில் அது வந்தவாசிக்குப் பின்வாங்கியது. உள்ளே இருப்பவனைவிடச் சுற்றி நிற்பவனுக்குச் சோற்றுக் கவலை அதிகம் என்ற என் கருதுகோளுக்கு இதைவிட உறுதியான முன்மாதிரி வேண்டாம்.

ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்திருக்கிறது; தாண்ட ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் யாரும் ஏற முடியாது. அதே உத்தியில் தீனி டப்பாவைப் பீரோ உச்சியில் வைத்து, ஸ்டூலை மாடிக்கு அனுப்பினேன். பாதித் தண்ணீரை மாற்றினோம். காலையில் ஆறு உருண்டை, மாலையில் ஆறு. எண்ணிப் போடுவது பையன் பொறுப்பு.

இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்து கூழாங்கற்கள் தெரிந்தன. குனிந்து பார்த்தேன். கற்களுக்கு நடுவே ஒரு மிளகு. அன்று காலைப் பலகாரம் வெண்பொங்கல்.