பத்து நிமிஷம், ஹபீபி

நைல் நதிச் சுற்றுலாக் கப்பலில் கேப்டனை யாரும் பார்ப்பதில்லை. அறையைச் சுத்தம் செய்கிற பையனையும் பார்ப்பதில்லை. ஆனால் வெளியே போய்த் திரும்பினால், துண்டை முறுக்கி ஒரு முதலை செய்து, அதற்கு நம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக் கட்டிலில் படுக்க வைத்திருப்பான். கண்ணில் படாமல் இருக்கவே முடியாத ஒரே ஜீவன் கைடுதான். விடியற்காலை மூன்று மணிக்கு அறைத் தொலைபேசியில் கேட்கும் குரல் அவருடையது. இரவுச் சாப்பாட்டில் பாயசம் மாதிரி ஒன்றை நாம் வாயில் வைக்கும் தருணத்தில், நாளைய நிகழ்ச்சி நிரலோடு மேஜைக்கு வருகிறவரும் அவரே.

ஐம்பது வயது. இஸ்திரி கலையாத சட்டை. கழுத்தில் அரசாங்க உரிமத்தின் அட்டை. கையில் மடக்கிய குடை. அஸ்வான் பக்கம் மழை என்பது பாட்டி சொல்லும் கதை. ஆகவே அந்தக் குடை விரிந்து நாங்கள் பார்த்ததில்லை. அதைத் தூக்கிப் பிடித்தால் நாங்கள் இருபத்திரண்டு பேரும் பின்னால் போக வேண்டும். பக்கவாட்டில் சாய்த்தால் நிழலில் ஒதுங்க வேண்டும். நெஞ்சுக்கு நேராக நீட்டி ஒவ்வொருவராகக் குத்துவதுபோல் ஆட்டினால் தலை எண்ணுகிறார் என்று அர்த்தம். எப்போது எண்ணினாலும் இருபத்தொன்றுதான் வரும். திருநெல்வேலி அண்ணாச்சி எங்கேயாவது விலை கேட்டுக்கொண்டிருப்பார்.

கைடுக்குக் காலம் இரண்டே அளவு. பாரோக்களின் காலம் ஆயிரம் வருஷக் கணக்கில் போகும். நம்முடைய காலம் நிமிஷக் கணக்கில். இடையில் மணி, நாள், மாதம் என்று எதுவும் அவர் அகராதியில் இல்லை. "மூவாயிரத்து இருநூறு வருஷமாக இந்தச் சிலை இங்கே காத்திருக்கிறது. உங்களுக்குப் பத்து நிமிஷம், ஹபீபி!" இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

அபு சிம்பலில்தான் முதல் மோதல் வந்தது. அஸ்வானிலிருந்து பாலைவனச் சாலையில் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். நடுநிசி தாண்டிய கையோடு பஸ் ஏற்றி, கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்தார்கள். போய் இறங்கினால் இரண்டாம் ராம்செஸ் நான்கு உருவமாக, ஒவ்வொன்றும் இருபது மீட்டர் உயரத்துக்கு, உட்கார்ந்திருக்கிறார். அஸ்வான் அணையின் தண்ணீரில் மூழ்கிவிடக் கூடாது என்று 1964 முதல் 1968 வரை அந்த மலைக்கோயிலையே துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே கொண்டுபோய் ஒட்டவைத்த கதையைக் கைடு உருக்கமாகச் சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் விட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பஸ் வாசலில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "இவ்வளவு பெரிய மலையை நகர்த்திவிட்டார்கள். உங்களை ஒரு பஸ்ஸுக்கு நகர்த்த என்னால் முடியவில்லையே?"

அண்ணாச்சி அப்போதுதான் வந்தார். கழுத்தில் மூன்று புதுத் துண்டு.

கைடைச் சாதாரணமாக எடை போட்டுவிடக் கூடாது. பல்கலைக்கழகத்தில் எகிப்தியல் படித்துத் தேறியவர். சித்திர எழுத்தை நாம் பஸ் போர்டு படிப்பதுபோலப் படிக்கிறார். பறவை எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமாம். இத்தனை படித்தவரிடம் ஒரு நாளைக்கு அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, கழிப்பறை எங்கே என்பது. அதற்கடுத்தது, மத்தியானம் தயிர் கிடைக்குமா. இரண்டுக்கும் அவர் பதில் சொல்லும் தொனியும் பதினெட்டாம் வம்சத்தைப் பற்றிச் சொல்லும் தொனியும் ஒன்றுதான்.

இந்தத் தொழிலின் பூர்வீகம் சுவையானது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கர் ஹெரடோட்டஸ் எகிப்துக்கு வந்தார். பெரிய பிரமிடின் மேல் ஏதோ எழுத்து இருந்ததாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, கூட வந்த மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு, "கட்டிய ஆட்கள் தின்ற முள்ளங்கி, வெங்காயம், பூண்டுக்கு 1600 தாலந்து வெள்ளி செலவு" என்று படித்துக் காட்டியிருக்கிறார். ஹெரடோட்டஸ் அதை அப்படியே குறித்துக்கொண்டார். நித்திய வாழ்வுக்காகக் கட்டிய கல்லறையின் மேல் எவனாவது மளிகைக் கணக்கு எழுதுவானா என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளரைத்தான் நான் உலகத்தின் முதல் சுற்றுலாக் கைடு என்று கருதுகிறேன்.

அதற்கப்புறம் தொழில் இன்னும் சுலபமாயிற்று. அஸ்வான் பக்கத்து ஃபிலே கோயிலில் கி.பி. 394 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒரு பூசாரி வெட்டிய வாசகம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் கடைசிச் சித்திர எழுத்து. பிறகு அதைப் படிக்கத் தெரிந்தவர் எல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். 1822-இல் சாம்போலியன் என்ற பிரெஞ்சுக்காரர் ரொசெட்டாக் கல்லை வைத்து மர்மத்தை உடைக்கும்வரை, சுவரைக் காட்டி யாரும் எதையும் சொல்லலாம். ஆயிரத்து நானூறு வருஷம்! கைடுகளின் பொற்காலம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஃபிலேயில் அந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது எங்கள் கைடு லேசாகப் பெருமூச்சு விட்டதுபோல எனக்குப் பட்டது. படித்துத் தொலைத்துவிட்டோமே என்ற பெருமூச்சு.

ஆனாலும் பரம்பரை ரத்தம் முழுக்க வற்றிவிடவில்லை என்பது கடைக்குப் போகும்போது தெரிகிறது. கோயில் வாசலில் மூச்சுக்கு மூச்சு ஆண்டு சொல்லும் மனிதர், பஸ் ஊருக்குள் திரும்பியதும் வேறு ஆளாகிவிடுகிறார். "இது கடை இல்லை, கல்விக்கூடம்" என்று பப்பைரஸ் விற்கும் இடத்தில் இறக்குகிறார். உள்ளே ஒரு பெண் நாணல் தண்டைச் சீவி, ஊறவைத்து, குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, அழுத்தித் தாள் செய்து காட்டினாள். உண்மையிலேயே அழகான வேலை. முடிந்ததும் கைடு எங்களைச் சுற்றி நிற்கவைத்து ரகசியக் குரலில் எச்சரித்தார்: தெருவில் மலிவாக விற்பதை வாங்காதீர்கள், அது பப்பைரஸ் அல்ல, வாழை இலையில் செய்தது.

ஸ்ரீரங்கத்து மாமி திகைத்துப் போனார். "வாழை இலையையா கெடுத்து வச்சிருக்கான்? அதுல சாப்பாடுன்னா போடணும்!"

அப்புறம் வாசனைத் திரவிய 'மாளிகை'. அப்புறம் அலபாஸ்டர் 'தொழிற்சாலை'. அங்கே வாசலில் நாலு பேர் கல்லைக் கொத்துகிறார்கள், உள்ளே நாற்பது பேர் விற்கிறார்கள். பெயரைச் சித்திர எழுத்தில் பொறித்த தங்கப் பதக்கத்துக்குக் கப்பலிலேயே முன்பதிவு. பாரோக்களின் பெயரைச் சுற்றி ஒரு நீள்வட்டம் போடுவார்கள் அல்லவா, அதே வட்டத்துக்குள் நம் பெயர். சாராவுக்கும் ஜானுக்கும் கச்சிதமாக இருக்கும். எங்கள் குழுவில் ஒரு பங்கஜவல்லியும் ஒரு சிதம்பரநாதனும் இருந்தார்கள். பதக்கம் கிட்டத்தட்ட விசிறிக் காம்பு நீளத்துக்கு வந்தது. விலை எடைக்கு.

கொம் ஓம்போவை இரவு விளக்கில் பார்த்தோம். முதலைக் கடவுள் சோபெக்குக்கும் பருந்துக் கடவுள் ஹோரஸுக்கும் சரிபாதியாகப் பிரித்த கோயில், எல்லாமே இரண்டிரண்டு. பக்கத்துக் கட்டடத்தில் பதப்படுத்திய முதலைகளை வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். நைல் வெள்ளத்தை அளக்கும் கிணறு ஒன்று உண்டு. தண்ணீர் எத்தனை படி ஏறுகிறதோ அதற்குத் தக்கபடி அந்த வருஷத்து வரி. "இதில்தான் எங்கள் வருமான வரித் துறை பிறந்தது" என்றார் கைடு. எல்லாக் குழுவுக்கும் சொல்லும் நகைச்சுவை என்பது, நாங்கள் சிரிப்பதற்கு அவர் விட்ட இடைவெளியின் துல்லியத்திலேயே தெரிந்தது.

கைடின் ஆதிக்கம் ஒரே இடத்தில்தான் ஆட்டம் கண்டது. எட்ஃபூ. விடிவதற்குள் எழுப்பி, குதிரை வண்டியில் நாலு நாலு பேராக ஏற்றி, "வண்டி எண்ணை மறந்தால் எகிப்திலேயே இருந்துவிட வேண்டியதுதான்" என்று மிரட்டி, கோயில் வாசலில் கொண்டு நிறுத்தினார். ஹோரஸ் கோயில். கி.மு. 237-இல் மூன்றாம் தாலமி தொடங்கி கி.மு. 57-இல் முடிந்தது. "நூற்றெண்பது வருஷம் கட்டினார்கள். நமக்கு எழுபத்தைந்து நிமிஷம்" என்று ஆரம்பித்து, முப்பத்தாறு மீட்டர் உயர வாசல் கோபுரத்தைக் காட்டி, இதன் பெயர் பைலான், இதற்குப் பின்னால் ஒரு முற்றம் வரும், அதன் பின்னால்... என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். மாமியைக் காணோம்.

மாமி நேராக உள்ளே போய்விட்டிருந்தார். கோபுரம், முற்றம், தூண் மண்டபம், அதற்கப்புறம் ஒரு சின்ன மண்டபம், போகப் போகத் தரை உயர்ந்து, கூரை தாழ்ந்து, வெளிச்சம் குறைந்து, கடைசியில் இருட்டில் கருவறை. இதற்கு எதற்குக் கைடு? எழுபது வருஷமாகப் போய்வரும் வழி அது. மூச்சிரைக்க நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கருங்கல் சன்னதியின் முன் கைகூப்பி நின்றிருந்தார்.

"மூலவர் எங்கே?"

கைடு விளக்கினார். முன்பு இங்கே விக்கிரகம் இருந்தது. பூசாரி தினமும் காலையில் கதவைத் திறந்து, பாடி எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவு படைப்பார். இப்போது இல்லை.

"சுப்ரபாதம், திருமஞ்சனம், நைவேத்தியம்" என்று விரல் விட்டு எண்ணினார் மாமி. "எல்லாம் இருந்திருக்கு. அப்புறம் ஏன் விட்டேள்?"

இதற்குக் கைடிடம் ஆண்டு இருந்தது, பதில் இல்லை. பேச்சை மாற்ற, தெந்தெராவிலிருந்து ஹாத்தோர் தேவி வருஷத்துக்கு ஒருமுறை படகில் புறப்பட்டு இங்கே தன் கணவர் ஹோரஸைப் பார்க்க வருவாள், இரண்டு வாரம் ஊரே திருவிழா, பிறகு திரும்பிப் போய்விடுவாள் என்றார். வழக்கமாக இந்த இடத்தில் வெள்ளைக்காரிகள் கன்னத்தில் கை வைத்து உருகுவார்களாம்.

"அவர் ஒரு தடவையாவது அங்கே போனதுண்டா?" என்று மாமி கேட்டார்.

கைடு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நான் அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்: "பத்து நிமிஷம் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள், மேடம்."

எஸ்னாவில் கப்பல் மதகுக்காகக் காத்து நிற்கும். சின்னப் படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொண்டு, மேசை விரிப்பையும் நீள அங்கியையும் பாலித்தீன் பையில் சுருட்டி, மூன்று மாடி உயர மேல்தளத்துக்குக் குறிதவறாமல் வீசுவார்கள். பிடித்திருந்தால் அதே பையில் பணத்தைப் போட்டுக் கீழே எறிய வேண்டும். முழுக்க முழுக்க நம்பிக்கையில் நடக்கும் வாணிபம். அண்ணாச்சி அன்று பிறவிப் பயன் அடைந்தார். அந்த ஒன்றரை மணி நேரமும் கைடைக் காணவில்லை. கமிஷன் இல்லாத இடத்தில் அவருக்குத் தலைவலி வந்துவிடும் என்று பணியாள் ஒருவன் கண்ணடித்தான்.

கடைசி நாள் லக்ஸர். கர்னாக்கின் 134 தூண்களுக்கு நடுவில் அவர் எங்களை ஓட்டிப்போன வேகத்தை எழுதி மாளாது. மேற்குக் கரையில் அரசர்களின் பள்ளத்தாக்கு. கல்லறைக்குள் கைடுகள் நின்று விளக்கம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி; கூட்டம் தேங்கிவிடும். ஆகவே வெளியே வெயிலில் நிறுத்தி, பிளாஸ்டிக் உறை போட்ட படங்களைக் காட்டி, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் உள்ளே போனபோது அவர் வாசலிலேயே நின்றார். பேசாமல் நிற்கும் கைடை அன்றுதான் பார்த்தேன். கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் குடையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

உள்ளே சுவரெல்லாம் பழைய யாத்திரிகர்களின் கிறுக்கல், கிரேக்கத்தில், லத்தீனில். எனக்கு இந்த எழுத்துப் படிக்க வரவில்லை என்று ஒருவன் அங்கே அலுத்துக்கொண்டு போயிருக்கிறான். வெளியே வந்ததும் அண்ணாச்சி கைடைப் பிடித்துக்கொண்டார். செய்தித்தாளில் படித்திருந்தாராம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன், ரோமாபுரியோடு நமக்கு மிளகு வியாபாரம் நடந்த காலத்தில், சிகை கொற்றன் என்று ஒரு தமிழன் இதே பள்ளத்தாக்குக்கு வந்து, வந்தேன் பார்த்தேன் என்கிற மாதிரி தமிழ் பிராமியில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான்.

கைடு முதலில் நம்பவில்லை. அண்ணாச்சி செல்பேசியில் படத்தைக் காட்டினார். கைடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன்னால் படிக்க முடியாத அந்த எழுத்தை நெடுநேரம் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சுவர் வாசகத்தை இன்னொருவர் அவருக்குப் படித்துச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார், ஹெரடோட்டஸ் மாதிரியே.

"எத்தனை கல்லறையில்?"

"அஞ்சு. மொத்தம் எட்டு இடத்துல எழுதியிருக்கான்" என்றார் அண்ணாச்சி, ஏதோ தன் சித்தப்பா மகனைப் பற்றிச் சொல்வதுபோல.

பேனா நின்றது. "ஐந்தா? ஒரு டிக்கெட்டுக்கு மூன்றுதானே!" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு இடத்தில் நின்று எழுதியிருக்கிறானே, இவனுக்கு யார் கைடு?"