நகராத பெட்டிக்கு எதுக்குக் கண்ணு ஒயரில்லா வாழ்வு?

ஏங்கண்ணு, பிரிண்டர் வாங்கப் போறியாமா? வைஃபையில ஓடணும், போன்ல அமுக்குனா அச்சடிக்கணும், வாயத் தொறந்து சொன்னாலும் கேக்கணும், கலர்ல போட்டோ வரணும்னு முழ நீளத்துக்கு எழுதி வெச்சிருக்கியே. பேஷ். மாசத்துக்கு எத்தன தாள் அடிப்ப? அத மட்டும் எங்கயும் காணமே!

கலரு எதுக்கு? ஜிஎஸ்டி பில்லக் கலர்ல கேட்டானா? ஆதார் நகலு, பையன் ஆல் டிக்கெட்டு, டெலிவரி சலானு, எல்லாங் கறுப்பு எழுத்துத்தான. போட்டோ வேணும்னா ஸ்டூடியோக்காரன் எதுக்கு இருக்கறான்?

இங்க் மிசின்ல ஒரு சங்கதி இருக்குது. மை தெறிக்கற துவாரம் மசுரவிடச் சிறுசு. தெனமும் ஓட்டுனா ஓடும். ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கா ஓட்டுனீன்னா காஞ்சு அடச்சுக்கும். அப்பறம் ‘கிளீனிங்’ பொத்தான அமுக்குவ. அது எதுல கழுவுதுங்கற? நீ காசு குடுத்து வாங்குன மையிலதான்! டேங்க் வெச்ச மிசினு தாளுக்குச் செலவு கம்மி, நா இல்லைங்கல. நாள் முச்சூடும் அடிக்கற கடைக்கு அது செரி. உன்னையாட்ட எப்பவாச்சும் அடிக்கறவனுக்கு கறுப்பு வெள்ள லேசரே தேவல. அதுல இருக்கறது பிளாஸ்டிக் கலந்த பொடி. சூட்டுல எளகித் தாள்ல ஒட்டிக்கும். மாசக்கணக்கா மூடிப் போட்டாலும் காயறதுக்கு அதுல ஈரமேது?

ஆனா வெலயப் பாத்து வாயப் பொளக்காத. புது மிசினோட வர்ற டோனரு பலதுலயும் அரகொறையாத்தான் இருக்கும். டப்பா மேல ஆயிரங்கணக்குல பக்கம் போட்டிருப்பான். அது பக்கத்துல சுமாரா 5 சதவீதம் மை படற கணக்கு. மறு டோனரு என்ன வெல, பக்கத்துக்கு என்ன விழுகுது? கடையில அத முதல்ல கேளு. கேட்டதும் அவன் மொகம் போற போக்கப் பாரு.

செரி, வைஃபைக்கு வா. உன்ற கூத்தே இங்கதான.

ரவுட்டருல 2.4, 5னு ரெண்டு அலைவரிச. சல்லிசான பிரிண்டரு பலதுக்கும் 2.4 மட்டுந்தான் தெரியும். நீ ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சுப்போட்டு, ஏன் சேர மாட்டேங்குதுன்னு அதத் திட்டுவ. ஒரம்பரைக்குன்னு இருக்கற தனி வைஃபையில போன மாட்டிக்கிட்டு, பிரிண்டரக் காணோம்ப. வீட்டுச் சாமானெல்லாம் ஒரம்பர கண்ணுல படக்கூடாதுன்னுதான அத வெச்சதே?

இன்னொண்ணு. ரவுட்டரு எல்லாச் சாமானுக்கும் ஒரு நம்பரு குடுக்குது. கரண்டு போயி வந்தா அது சில நேரம் மாறிப்போகும். கம்ப்யூட்டரு, ஆளு காலி பண்ணிப் போன வீட்டுக் கதவயே தட்டிக்கிட்டு நிக்கும். ‘ஆஃப்லைன்’னு வரும். நீ மிசினு கெட்டுப்போச்சும்ப. ரவுட்டருக்குள்ள போயி பிரிண்டருக்கு அந்த நம்பர நெரந்தரமா எழுதி வெச்சா முடிஞ்சுது. ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’னு அதுலயே இருக்குது.

இதையெல்லாங் கேட்டியல்ல? இப்ப நா ஒண்ணு கேக்கறேன். இந்தப் பிரிண்டரு எங்கயாச்சும் நடந்து போகுதா? வாங்கி வெச்ச மூலையிலயேதான கெடக்குது? நடக்கறது நீயும் உன்ற போனும். ஈத்தர்நெட் ஓட்ட இருக்கற மிசினா வாங்கி, ரவுட்டருக்கு ஒரு ஒயர இழுத்து வுடு. போனும் லேப்டாப்பும் எப்பவும் போல வைஃபையிலயே அடிச்சுக்கும். அதுக்குக் கூடக் கொஞ்சம் காசாகும். ஆகட்டும். ஒயரு தெரிஞ்சா அசிங்கங்கற. தாளக் கையில வெச்சுக்கிட்டு ஊடு பூரா சிக்னல் தேடறது மட்டும் லட்சணமா?

ஏர்பிரிண்ட், மாப்ரியா ரெண்டும் இருக்குதான்னு பாத்துக்கோ. மொதலாவது 2010ல ஆப்பிள்காரன் கொண்டுவந்தது. மத்தது 2013ல கம்பெனிக்காரங்க கூடி வெச்சது. ரெண்டும் இருந்தா கம்பெனியோட ஆப்ப ஏத்தாமயே போன்ல இருந்து அடிக்கலாம். இல்லீன்னா நீ அவன் கைப்புடியில. 1980 வாக்குல அமெரிக்காவுல எம்ஐடியில ஸ்டால்மன்னு ஒருத்தரு, தாளு சிக்குனா ஆளுகளுக்குச் சேதி போறாப்பல புது லேசர் பிரிண்டரத் திருத்தலாம்னு பாத்தாரு. அதோட நிரலத் தர மாட்டேனுட்டாங்க. பொறவு 1983ல எல்லாருக்கும் தொறந்த மென்பொருளுன்னு குனூவ அறிவிச்சாரு. அந்தக் கடுப்பும் அதுக்கு ஒரு காரணம்னு அவரே சொல்லியிருக்கறாரு. நீயி கடுப்பானா கஸ்டமர் கேருக்கு அடிச்சுப் பாட்டுக் கேப்ப.

லேசரக் கொண்டுபோயி யூபிஎஸ்ல சொருகிராத. சூடேறறப்ப ஒரே இழுப்பா கரண்ட இழுக்கும். சின்ன யூபிஎஸ்ஸு தாங்காது. நேரா செவுத்து பிளக்குல குடு. லாரி கெளம்பற நேரம் பாத்துக் கரண்டு போகுமேங்கறியா? பில்ல மின்னாடியே அடிச்சு வெய்யி. ஈ-வே பில்லுக்குத் தாளே கட்டாயமில்ல, டிரைவரு போன்ல நம்பரு இருந்தாப் போதும்னு சட்டத்துலயே இருக்குது. அதயும் அச்சடிச்சு, லேமினேஷன் வேற போட்டுக் குடுத்துவுடற மொதலாளிய இந்தத் திருப்பூர்லயே நாம் பாத்திருக்கறேன்.