முயல் சாமி பார்த்த வரன்

ஒசாகா

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான்.

லீவு கிடைத்ததும் ஒரு முயலைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். சிரிக்காதீர்கள். தொத்தோரி என்று ஒரு மாநிலம், ஜப்பான் கடல் ஓரம். நாட்டிலேயே ஜனத்தொகை குறைந்தது அதுதான். மணல்மேடு, பேரிக்காய், நண்டு இவற்றுக்குப் பேர்போனது. ஒசாகாவிலிருந்து அங்கே போகிற எக்ஸ்பிரஸின் பெயரே 'சூப்பர் ஹகுதோ'. சூப்பர் வெள்ளை முயல்! பொதிகை, நெல்லை என்று மலைக்கும் ஊருக்கும் மரியாதை செய்கிற நம் ரயில்வேக்கு இந்தத் துணிச்சல் வருமா? இரண்டரை மணி நேரத்தில் முயல் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அப்புறம் டவுன் பஸ்.

ஹகுதோ கோயில் சின்னதுதான். எதிரே நெடுஞ்சாலை, அதைத் தாண்டினால் கடல். படியேறினால் பாதையின் இரு பக்கமும் கல் முயல்கள். இந்த நாட்டில் பல கோயில்களில் நரி, மான் எல்லாம் சாமிக்குத் தூதுவர் வேலைதான் பார்க்கின்றன. இங்கே முயலே மூலவர்.

கதை கி.பி. 712-இல் தொகுத்த 'கொஜிகி' நூலில் வருகிறது. ஓகி தீவில் மாட்டிக்கொண்ட முயலுக்குக் கரைக்கு வர வேண்டும், நீச்சல் தெரியாது. சுறாக்களைக் கூப்பிட்டு, "உங்கள் சொந்தபந்தம் அதிகமா, எங்கள் சொந்தபந்தம் அதிகமா, எண்ணிப் பார்த்துவிடுவோம். வரிசையாகப் படுங்கள்" என்றது. அவையும் படுத்தன. முதுகு முதுகாகத் தாவி வந்தது. கடைசிச் சுறாவின் மேல் நிற்கும்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏமாந்தீர்களா!" என்றது. கடைசிச் சுறா அதன் தோலை உரித்துவிட்டது. (கோயிலுக்கு எதிரே கடலில் ஒரு குட்டித் தீவைக் காட்டி அதுதான் ஓகி என்கிறார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கா இத்தனை சுறா என்று தோன்றியது. கேட்கவில்லை.)

அந்த வழியாக எண்பது தெய்வங்கள் வந்தார்கள். எல்லோரும் அண்ணன் தம்பிகள், எல்லோருக்கும் ஒரே பெண்மேல் ஆசை: யகாமி இளவரசி. "கடலில் குளித்துவிட்டுக் காற்றாடப் படு, சரியாகிவிடும்" என்று முயலுக்கு வைத்தியம் சொன்னார்கள். உப்பும் காற்றும் பட்டுத் தோல் வெடித்தது. கடைசியாக, அத்தனை பேர் மூட்டையையும் சுமந்துகொண்டு வந்தவர் ஓகுனினுஷி. அவர்தான் நல்ல தண்ணீரில் குளித்து, நீரோரக் கோரையின் பூந்தாதைப் பரப்பி அதில் புரளச் சொன்னார். தோல் பழையபடி ஆயிற்று. சும்மா கதையில்லை அத்தை, ரத்தம் நிற்கச் சீன வைத்தியத்தில் இன்றும் அந்தப் பூந்தாதைக் கொடுக்கிறார்கள். முயல் குளித்த குளம் என்று கோயிலருகே ஒன்று இருக்கிறது. மழைக்கும் கூடாதாம், வெயிலுக்கும் குறையாதாம். சொறி சிரங்குக்கு நம் சங்கரன்கோவில் புற்றுமண் என்றால், இவர்களுக்கு இந்த முயல்.

உங்களுக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். குணமான முயல், "அந்த எண்பது பேருக்கும் பெண் கிடையாது. மூட்டை தூக்குகிற உங்களுக்குத்தான்" என்றது. அப்படியே நடந்தது. அதனால் முயல் சாமி கல்யாணம் கூட்டிவைக்கும் சாமியும் ஆகிவிட்டது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆயிரம் பொய் சொல்லித்தானே ஒரு கல்யாணம்? சுறாக் கூட்டத்தையே பொய் சொல்லிப் படுக்கவைத்த ஆளைவிடத் தகுந்த தரகர் கிடைப்பாரா? நம் ஊர்த் தரகரும் என்னை 'டோக்கியோ மாப்பிள்ளை' என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஒசாகா என்று திருத்திவிடுங்கள்.

சிவப்பு எழுத்துப் பதித்த வெள்ளைக் கூழாங்கற்களைப் பையில் போட்டு விற்கிறார்கள். கல் முயலின் தலையில் வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும். சிலர் தோரி வாசலின் மேல் எறிகிறார்கள். மேலேயே தங்கினால் காரியம் கைகூடும். இரண்டு பெண்கள் எறிந்தார்கள். ஒருத்தியின் கல் தங்கியது, மற்றவள் மறுபடியும் பை வாங்கப் போனாள். கோயில் நிர்வாகத்துக்கு நஷ்டம் இல்லை.

இத்தனை பேர் வேண்டிக்கொள்கிறார்களே, முயல் முடித்துவைத்த அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்று மேற்கொண்டு படித்துப் பார்த்தேன். ஓகுனினுஷிக்குப் பட்டத்து மனைவியாக இன்னொருத்தி வந்து சேர்ந்தாள், பொல்லாத கோபக்காரி. யகாமி பயந்து, பெற்ற பிள்ளையை ஒரு மரக்கிளையின் கவட்டில் வைத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். 'கொஜிகி'யிலேயே இருக்கிறது. கூழாங்கல் பையில் இதை அச்சடிப்பதில்லை.

தோலுக்கு ஒரு தாயத்து வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன், மாமாவின் முழங்கை அரிப்புக்கு. கல்யாணத் தாயத்தும் ஒன்று வாங்கினேன். அதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், வருகிற தையிலேயே மண்டபம் பிடித்துவிடுவாள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்