248-ஆம் எழுத்து

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த கணக்கில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். உரிய எழுத்துரு கணினியில் இல்லாதபோது, எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கும் வெற்றுக் கட்டமே அது. ‘சார், கட்டம் கட்டமா வருது’ என்று டிடிபி கடைகளில் புழங்குவதால் இதற்கு உலக வழக்குச் சான்று ஏராளம். இலக்கணச் சான்றைத்தான் எவரும் திரட்டியதாகத் தெரியவில்லை. எழுத்தை ஆராய எண், பெயர், முறை, பிறப்பு என்று தொடங்கிப் பன்னிரண்டு கூறுகளை நன்னூலார் வகுத்துவைத்திருக்கிறார். வேண்டியவற்றை மட்டும் அவரிடமிருந்து கடன் வாங்கலாம்.

முதலில் பிறப்பு. மற்ற எழுத்துகள் நெஞ்சிலும் கழுத்திலும் பிறக்க, கட்டம் பிறப்பது எழுத்துருக் கோப்புக்குள். ட்ரூடைப் ஆனாலும் ஓபன்டைப் ஆனாலும் கோப்பிலுள்ள வடிவங்களுக்கு வரிசை எண் உண்டு. வரிசை தொடங்குவது பூச்சியத்தில்; அந்த இடம் கட்டத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. அகரமெல்லாம் அதற்குப் பின்னால்தான் எங்கோ. செயலி ஒரு யூனிகோடு எண்ணைச் சொல்லி வடிவம் கேட்கிறது. அட்டவணையில் இல்லையென்றால் பக்கத்து எழுத்துருக்களைக் கேட்டுப் பார்க்கிறது. யாரும் கைகொடுக்காவிட்டால் கட்டத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. உருவத்தில் வெறுஞ்செவ்வகம், குறுக்குக்கோடு போட்டது, வயிற்றில் கேள்விக்குறி உள்ளது என்று பேதங்கள் உண்டு. இடத்தில் இதற்கு இருக்கும் சுதந்திரம் வேறெந்த எழுத்துக்கும் இல்லை. தனிமெய் சொல்லுக்கு முதலில் வராது, வல்லின மெய் ஈற்றில் நிற்காது. கட்டமோ எங்கும் வரும். இரண்டு கட்டங்கள் புணர்ந்தால் தோன்றல், திரிதல், கெடுதல் எதுவும் நிகழாது. சுத்தமான இயல்பு புணர்ச்சி. மாத்திரையைச் சொல்வதானால், ஆய்தத்துக்கு அரை. கட்டத்துக்கு, அதைச் சரிசெய்யத் தெரிந்த பையன் வந்து சேரும் வரை.

யாரும் விரும்பி எழுதாத ஒன்று எழுத்தாகுமா என்று புலவர்கள் கேட்கலாம். குற்றியலுகரத்தை மட்டும் யார் விரும்பி எழுதுகிறார்கள்? இடம் சார்ந்து உகரம் தானே குறுகுகிறது. எழுத்துருவின் இன்மை சார்ந்து கட்டம் தானே தோன்றுகிறது. ஆகவே இது சார்பெழுத்து. தொல்காப்பியர் மூன்றோடு நிறுத்திய சார்பெழுத்தை நன்னூலார் பத்தாக்கி, விரியில் 369 வரை கொண்டுபோனார். அவ்வளவு தாராளமான மரபு இன்னும் ஒன்றுக்கு இடமில்லை என்று கைவிரிப்பது நியாயமாகாது.

பாமினி எழுத்துருக் காலத்தில் கட்டம் ஏது என்பது கனமான ஆட்சேபம். உண்மைதான், இல்லை. ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரும். கோப்பில் இருந்ததே அவைதாம். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் கட்டியிருந்தது. யூனிகோடு தமிழுக்கென்று 128 இடங்களை ஒதுக்கிய பிறகுதான், இது தமிழ், ஆனால் காட்ட வடிவமில்லை என்று கணினியால் சொல்ல முடிந்தது. கட்டம் அந்த ஒப்புதல் வாக்குமூலம். விண்டோஸ் எக்ஸ்பியில், கண்ட்ரோல் பேனலுக்குள் புகுந்து ஒரு டிக் போட்டு, சிடியைச் செருகி, லதா எழுத்துரு வந்து இறங்கும்வரை கணினிகள் இந்த வாக்குமூலத்தைப் பக்கம் பக்கமாக அளித்தன. யூனிகோடில் ‘தமிழ்’ மூன்று எழுத்தல்ல, த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். எனவே ஐந்து கட்டங்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ் 16 முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண். அதற்குரிய எழுத்துரு இல்லாவிட்டால் இலக்கணம் வழுவாமல் மூன்றே கட்டங்கள் வரும்.

இப்போது எல்லாக் கருவியிலும் தமிழ் தெரிகிறதே, கட்டம் வழக்கொழிந்துவிட்டதே என்பாரும் உளர். 2019-இல் யூனிகோடு 12 தமிழின் பழங்கணக்குக் குறிகள் 51-ஐச் சேர்த்துக்கொண்டது. 320-இல் ஒரு பங்கான முந்திரிக்கும் அதில் இடமுண்டு. அதைத் தேடிப்பிடித்துத் திறந்து பாருங்கள். பல கணினிகளில் வந்து நிற்பது யாரென்று தெரியும். எழுத்துருவை இறக்கி, வலது சொடுக்கில் ‘நிறுவு’ கொடுத்தால் தீர்ந்தது என்பதும் ஆழமான யோசனையல்ல. கட்டத்தை உலகத்திலிருந்தே விரட்ட கூகுள் உருவாக்கிய நோட்டோ குடும்பத்திலும் பூச்சியமாம் இடத்தில் கட்டம் உட்கார்ந்திருக்கிறது. நூறு எழுத்துரு நிறுவியவர் கணினிக்குள் நூறு கட்டங்களைக் குடியேற்றியவராகிறார்.

நன்னூலாரிடம் கடன் வாங்கியவற்றில் எஞ்சுவது போலி. யூனிகோடில் வெற்றுச் சதுரம் என்றே ஒரு குறி தனி எண்ணோடு இருக்கிறது; அதை வேண்டுமென்றே இடலாம். அந்தச் சதுரம் இல்லாத கணினியில் அதற்குப் பதிலாகவும் கட்டம்தான் வரும். கண்ணால் பார்த்து எது அசல், எது போலி என்று பிரிக்க இயலாது. பிழைதிருத்துவோர் இரண்டையும் நீக்கிவிடுவதால், இவ்வகைக்கு அச்சுச் சான்று கிடைப்பது அரிதாக இருக்கிறது.