உப்பு யார் கணக்கு?

எங்கள் எம்.பி.ஏ. பாடத்திட்டத்தில் 'பொறுப்புள்ள வணிக மேலாண்மை' என்று தனியாக ஒரு தாள் இருக்கிறது. அப்படியானால் மற்ற தாள்கள்?
*(மாணவி, கோவை)*

நிதி வகுப்பில் லாபம், மார்க்கெட்டிங் வகுப்பில் விற்பனை, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அறம். அந்த நேரத்தில் விழித்திருப்பவர் பாடம் நடத்துபவர் மட்டும்தான்.

பல துறையினர் சேர்ந்து கற்க வேண்டும் என்கிறார்களே, உதாரணம் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கதை வேண்டாம்.
*(வாசகர், திருப்பூர்)*

உங்கள் ஊரைவிட்டு எங்கே போவது? பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பையோ சோடியம் சல்பேட்டையோ மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டும். சாயம் துணியில் தங்கும், உப்பு தண்ணீரோடு போய்விடும். 1990-களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் எடுத்தன, கரைந்த உப்பை விட்டுவிட்டன. அது நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் போய்ச் சேர்ந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்கழிவுக் குட்டையாயிற்று. அதில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க நேர்ந்தது.

உப்பு தானாக மறையாது என்பது வேதியியல் படித்தவருக்குத் தெரியும். தன் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்த விவசாயிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஏற்றுமதிக்காரரின் விலைக் கணக்கில் நூல், சாயம், கூலி, அட்டைப்பெட்டி எல்லாம் இருந்தன. உப்பை வாங்கிய செலவும் இருந்தது. அதை எங்கே விடுவது என்ற செலவை எழுத மட்டும் அதில் இடமில்லை. தெரிந்தவர் எவரும் கணக்கு எழுதும் இடத்தில் இல்லை. எழுதியவருக்கு அது தன் வேலையாகப் படவில்லை.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல், ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சியதை ஆவியாக்கி, உப்புக் கரைசலை மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்ளும் முறை அதற்குப் பிறகுதான் பரவலாக வேரூன்றியது. வேதியியலும், இயந்திரமும், வங்கிக் கடனும், மின்கட்டணமும் ஒரே மேசைக்கு வந்தன. அந்தக் கூட்டு வகுப்பை நடத்தியது நீதிமன்றம். ஃபீஸ்தான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

சரி, எல்லாத் துறையினரையும் ஒன்றாக உட்கார வைத்தால் போதுமா?
*(பேராசிரியர், நாகர்கோவில்)*

போதாது. இதற்கு வெளிநாட்டுக் கதைதான் சொல்லியாக வேண்டும், திருப்பூர்க்காரர் பொறுத்துக்கொள்ளட்டும். 1986 ஜனவரி 27 இரவு. சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தில் பொறியாளர்களும் மேலாளர்களும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். கடுங்குளிரில் பூஸ்டரின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் விறைத்துவிடும், நாளை ஏவ வேண்டாம் என்றார்கள் பொறியாளர்கள். நாசாவுக்கு அது பிடிக்கவில்லை. பொறியியல் பிரிவின் தலைவரிடம் அவருடைய மேலதிகாரி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். மாட்டிக்கொண்டார். ஓட்டுப் போட்டது மேலாளர்கள் மட்டும். மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் விண்கலம் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள்.

இத்தனைக்கும் அந்த மேலாளர்களுக்கு ரப்பர் வளையம் தெரியாத விஷயம் அல்ல. உங்கள் வகுப்பில் கூட்டுப் பயிற்சி நடத்தினால், 'வேண்டாம்' என்பவரின் சொல் எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

கண் டாக்டருக்கு மேலாண்மை எதற்கு?
*(வாசகர், மதுரை)*

மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அமெரிக்க ஹாம்பர்கர் கடைகளின் ஒழுங்கைப் பார்த்து வியந்தவர் அவர். ஒரு மேசையில் அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கட்டணம் செலுத்துவோரின் பணத்தில், செலுத்த முடியாதவருக்கும் பார்வை வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். மருத்துவம், உற்பத்தி, கணக்கு என்று எல்லாம் ஒரே வீட்டில்.

ஹாம்பர்கர் கடையிடம் கண் டாக்டர் கற்றார். கண் டாக்டரிடம் ஹாம்பர்கர் கடை கற்றதாகத் தெரியவில்லை.

சி.எஸ்.ஆருக்கு 2 சதவீதம் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்ததா?
*(வாசகி, சேலம்)*

2013-ன் நிறுவனச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். செலவானதா என்று சரிபார்க்க ஆடிட்டர் ஒருவர் போதும். அந்த லாபம் எப்படி வந்தது என்று பார்க்க, அவரோடு ஒரு வேதியியல்காரரையும் அனுப்ப வேண்டும்.

எங்கள் கல்லூரியில் எம்.பி.ஏ. துறையும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து கருத்தரங்கு நடத்தப் போகிறோம். ஆலோசனை?
*(விரிவுரையாளர், வேலூர்)*

பேனருக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கிய பணத்தில் பஸ் பிடியுங்கள். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஆலையில் அனுமதி வாங்கி, இரு துறைப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். எம்.பி.ஏ. பிள்ளை கழிவுநீரை அளக்கட்டும்; சுற்றுச்சூழல் பிள்ளை வரவு செலவைப் படிக்கட்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே அறிக்கை, ஒரே மதிப்பெண். சண்டை வரும். வரவில்லையென்றால் ஒருவர் எழுத, மற்றவர் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்.