‘அவனுக்கா குடுத்தாங்க?’ என்னும் வினா: பாலி உம்ரிகர் விருதை முன்வைத்து ஒரு முறையியல் விசாரணை

இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குப் பாலி உம்ரிகர் பெயரால் ஒரு விருது வழங்கிவருகிறது. முதல் விருது 2006-07 பருவத்துக்கு. பெற்றவர் சச்சின் டெண்டுல்கர். விருதின் வரலாறு இவ்வாய்வுக்கு இவ்வளவே போதும். பெயர் அறிவித்த ஐந்தாவது நிமிடத்தில் கல்யாணப் பந்தியிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ‘அவனுக்கா குடுத்தாங்க?’ என்றொரு வினா எழுகிறதே, அதன் தோற்றம், வளர்ச்சி, அடங்காமை ஆகியவற்றை ஆராய்வதே நம் நோக்கம். இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர் எவருமில்லை. பெற்றவர்போல் பேசுவோர் ஏராளம்.

முதல் சிக்கல், யாரை யாரோடு ஒப்பிடுவது என்பது. ஸ்டம்பைக் கோட்டை மதில் என்று கொண்டால், பந்துவீச்சாளர் செய்வது உழிஞை. மட்டையாளர் செய்வது நொச்சி. தொல்காப்பியம் முற்றுகையிடுவோனையும் காப்போனையும் உழிஞை என்ற ஒரே திணைக்குள் அடக்கும். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணையாகப் பிரித்துவிடும். இரு சாராருக்கும் சேர்த்து ஒரே விருது வைத்திருப்பதால் வாரியம் தொல்காப்பியர் கட்சி என்பது தெளிவு. வம்பு இங்கேதான் பிறக்கிறது. இருபது விக்கெட் எத்தனை ரன்னுக்குச் சமம் என்பதற்கு எந்த வாய்ப்பாட்டிலும் விடை கிடையாது.

வாரியம் நொச்சியார் பக்கமே சாயும் என்பாரும் உளர். முதல் ஆறு விருதுகளைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிபோலத்தான் தோன்றும்: டெண்டுல்கர், சேவாக், கம்பீர், மறுபடி டெண்டுல்கர், டிராவிட், கோலி. ஒருவர்கூடப் பந்துவீச்சாளர் இல்லை. ஆனால் 2018-19 முதல் 2023-24 வரையான ஆறு விருதுகளை எடுத்தால் பும்ராவுக்கு மூன்று, ஷமிக்கு ஒன்று, அஸ்வினுக்கு ஒன்று. நடுவில் தப்பிப்பிழைத்த ஒரே மட்டையாளர் ஷுப்மன் கில். எனவே அக்கூற்று பொருந்தாமை உணர்க.

கில் எப்படித் தப்பினார்? இங்கே ஒரு புதிய கருதுகோளை முன்வைக்கத் துணிகிறோம். டெஸ்ட்டில் இந்தியாவின் முதல் இரட்டைச் சதம் உம்ரிகருடையது: 1955இல் நியூசிலாந்துக்கு எதிராக 223. இடம், ஹைதராபாத். கில் 2023 ஜனவரியில் ஒருநாள் போட்டியில் 208 அடித்தது, அதே நியூசிலாந்துக்கு எதிராக, அதே ஹைதராபாத்தில். 2016-17இல் விருது பெற்ற கோலி அந்தப் பருவத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 204 அடித்ததும் ஹைதராபாத்தில். 2019-20 முதலான நான்கு பருவங்களின் பாக்கியை வாரியம் 2024 ஜனவரியில் ஒரே மாலையில் தீர்த்த விழா நடந்ததும் ஹைதராபாத்தில். கருதுகோள் ஏறக்குறைய நிறுவப்பட்ட நிலையில் புஜாரா குறுக்கே வந்தார். 2013 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அதே ஊரில் 204 அடித்திருக்கிறார். அந்தப் பருவத்து விருதோ அஸ்வினுக்குப் போயிருக்கிறது. எதிரணியின் பந்தையெல்லாம் கட்டை போட்டே சாகடித்தவர், நம் கருதுகோளையும் அவ்வாறே முடித்துவைத்தார்.

அடுத்தது, வெற்றிக்கும் விருதுக்கும் உள்ள உறவு. பாமரர் இரண்டும் ஒன்றென்பர். 2010-11ஐப் பாருங்கள். இந்தியா உலகக் கோப்பையை வென்ற பருவம். இறுதிப் போட்டியில் தோனி ஆட்டமிழக்காமல் 91. தொடர் நாயகன் யுவராஜ்: 362 ரன், 15 விக்கெட், அதாவது நொச்சியும் உழிஞையும் ஒரே ஆளிடம். விருது கிடைத்ததோ அந்த உலகக் கோப்பை அணியிலேயே இல்லாத டிராவிடுக்கு! அந்தக் கோடையில் இங்கிலாந்தில் மற்றவர்கள் வரிசையாகக் கூடாரம் திரும்பியபோது அவர் மட்டும் மூன்று சதத்தோடு 461 ரன் எடுத்தார். இந்தியா நாலுக்குப் பூஜ்யம் தோற்றது. கோப்பை வென்ற தோனி இவ்விருதை ஒருமுறைகூடப் பெற்றதில்லை என்பதைத் தோனி அன்பர்களிடம் சொல்லும்போது சற்றுத் தள்ளி நின்று சொல்வது நலம்.

டிராவிடுக்குக் கொடுத்தது சரிதான் என்பது நம் துணிபு. விருதுக்குப் பேர் கொடுத்தவரின் ஆட்டமே அதற்குச் சான்று. 1962இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உம்ரிகர் ஒரே டெஸ்ட்டில் ஐந்து விக்கெட் எடுத்து, முதல் இன்னிங்ஸில் 56, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 172 அடித்தார். ஆட்டத்தில் ஜெயித்தது வெஸ்ட் இண்டீஸ்.

இனி தருணவாதிகள். இவர்கள் ஒரு வருடத்தை எட்டுப் பந்தில் அளப்பவர்கள். 2018 மார்ச் 18, கொழும்பு, நிதகாஸ் கோப்பை இறுதிப் போட்டி: பன்னிரண்டு பந்தில் 34 ரன் வேண்டிய நேரத்தில் தினேஷ் கார்த்திக் இறங்கி, எட்டுப் பந்தில் 29 அடித்து, கடைசிப் பந்தை சிக்ஸருக்கு அனுப்பினார். அந்தப் பருவத்து விருது கோலிக்கு. தென்னாப்பிரிக்காவில் ஆறு ஒருநாள் போட்டிகளில் 558 ரன் குவித்திருந்தவர், நிதகாஸ் கோப்பையின்போது ஓய்வில் இருந்தார். களப்பணியில் சந்தித்த தகவலாளி ஒருவர் (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்) சொன்னது: “தம்பி, 558ஐ எந்தக் கம்ப்யூட்டரும் ஞாபகம் வச்சுக்கும். அந்தக் கடைசிப் பந்துக்கு நான் எங்க உக்காந்திருந்தேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு.” இதே தகவலாளி, ஹர்திக் பாண்டியாவின் ஒரு சிக்ஸர் பற்றிப் பேச்சு வந்தபோது, “ஒரு பந்தை வச்சு என்ன சொல்றது, ஆவரேஜைப் பாக்கணும்ல?” என்றார்.

இந்த இடத்தில்தான் நம் ஆய்வின் தலையாய விதி பிடிபட்டது: முதலில் ஆள், அளவுகோல் அப்புறம். ரன் கணக்கு, ஸ்ட்ரைக் ரேட், வெளிநாட்டு ஆட்டம், நெருக்கடி, காயத்தோடு ஆடியது என்று அளவுகோல்கள் பல உண்டு. எதைக் கையில் எடுக்கிறார் என்று பார்த்தாலே, மனசில் யாரை வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

எல்லா அளவுகோலும் ஒரே ஆளைக் காட்டிய அபூர்வப் பருவம் 2020-21. எண்ணை நம்புவோர், அஸ்வின் இங்கிலாந்துக்கு எதிராக நாலு டெஸ்ட்டில் எடுத்த 32 விக்கெட்டைக் காட்டினர். தருணவாதிகள் சேப்பாக்கம் சதத்தைக் காட்டினர். காயவாதிகளோ சிட்னியைக் காட்டினர்: முதுகுவலியோடு 128 பந்து நின்று 39, எதிர்முனையில் பின்தொடைத் தசை கிழிந்த விஹாரி 161 பந்தில் 23. தூய நொச்சி. தமிழ்நாட்டில் நடத்திய களஆய்வில் இந்த விருதுக்கு ஒரு மறுப்புகூடக் கிடைக்கவில்லை. மாதிரித் தேர்வில் கோளாறு இருக்கலாம் என்றார் ஒரு நண்பர். அவர் மும்பையில் வளர்ந்தவர். விஹாரியின் 23க்கு என்ன விருது என்று அவரும் கேட்கவில்லை.

ஓட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாமே என்பார்க்கு ஆஸ்திரேலியாவே விடை. அங்கே ஆலன் பார்டர் பதக்கத்துக்கு வீரர்கள், நடுவர்கள், பத்திரிகையாளர்கள் ஓட்டளிக்கிறார்கள். 2020இல் வார்னருக்கு 194, ஸ்மித்துக்கு 193. 2022இல் ஸ்டார்க்குக்கு 107, மிட்செல் மார்ஷுக்கு 106. ஒரு ஓட்டில் தோற்றவனின் ரசிகனைத் தேற்றப் புள்ளிவிவரத்தால் ஆகாது. 2005இல் ஷேன் வார்ன் டெஸ்ட்டில் 96 விக்கெட் எடுத்தார். 2006 பதக்கம் பான்டிங்குக்கு. வார்ன் அந்தப் பதக்கத்தைக் கடைசிவரை பெறவில்லை. அவர் மறைந்த பிறகு டெஸ்ட் விருதுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இனி நம் வாரியத்தின் பெண்கள் விருதைப் பற்றி ஒரு குறிப்பு, அதுவும் சற்றுக் கோபமான குறிப்பு. ‘அவளுக்கா குடுத்தாங்க?’ என்ற வினாவை நம் களஆய்வில் எங்குமே கேட்க முடியவில்லை. எல்லோரும் முடிவை ஏற்றுக்கொண்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை; பலர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. சண்டைக்கா பஞ்சம்? 2016-17 விருது ஹர்மன்பிரீத் கவுருக்கு. 2017 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை அவர் 115 பந்தில் 171 அடித்து நொறுக்கியது டெர்பியில். அதற்குச் சில நாள் முன்பு, அதே டெர்பியில், தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 109 அடித்தவர் மிதாலி ராஜ். அந்தத் தொடரில் அவர் எடுத்தது மொத்தம் 409. அந்த 109 இல்லையென்றால் அரையிறுதி ஏது, 171 ஏது?

ஆகவே விருது மிதாலிக்கே போயிருக்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் முடிவு. அவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்கும் இம்முடிவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஹர்மன்பிரீத் கட்சியினர் மறுப்புரையை இன்றே எழுதத் தொடங்கலாம்.