டேபிளுக்கு மேலே சில கேள்விகள்

அரிசி மண்டிக்காரர், கும்பகோணம்: கணக்கெல்லாம் எக்செல்லிலேயே ஓடுகிறது. டேட்டாபேஸ் புரோகிராம் எழுதியே தீருவேன் என்கிறான் பையன். தேவையா?

எக்செல்லில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு ஷீட்டிலேயே 10,48,576 வரிசை உண்டு. தொல்லை வேறு. 'எஸ்.முருகன்', 'முருகன் எஸ்', 'முருகன் மினிலாரி' என்று ஒரே ஆள் மூன்று பேராக உட்கார்ந்திருப்பார். பாக்கியைக் கூட்டும்போது ஒரு முருகன் நழுவிவிடுவார். டேட்டாபேஸில் வாடிக்கையாளருக்குத் தனி டேபிள், ஆளுக்கு ஓர் எண்; பில்லுக்கு வேறு டேபிள், அதில் பெயர் கிடையாது, அந்த எண் மட்டும். கடன் ஒரே தலையில்தான் விழும். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் இதைக் கணிதமாக எழுதிவைத்தார். உங்கள் கணக்குப்பிள்ளை பேரேட்டில் 'பக்கம் 42 பார்க்க' என்று எழுதுகிறாரே, அதுவும் கிட்டத்தட்ட இதே வேலைதான். பையனை முதலில் ஒரு வாரம் பில் போட உட்காரவையுங்கள். எத்தனை டேபிள் வேண்டும் என்று கல்லாவே சொல்லிக்கொடுக்கும்.

கல்லூரி மாணவி, மதுரை: பைத்தானா, சி ஷார்ப்பா, ஜாவாவா? எதில் தொடங்க?

எதில் தொடங்கினாலும் டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்கியூஎல் வாசலில் நிற்கும். அதை முதலில் விசாரித்துவிடுங்கள். பிறகு பைத்தானும் எஸ்கியூலைட்டும் போதும். எஸ்கியூலைட் 2000-இல் ரிச்சர்ட் ஹிப் எழுதியது. அமெரிக்கப் போர்க்கப்பல் வேலைக்காகப் பிறந்து, இன்று உங்கள் கைபேசிக்குள்ளும் இருக்கிறது. சர்வர் வேண்டாம், காசு வேண்டாம். மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். புரோகிராமை மூடிவிட்டு பென்டிரைவில் காப்பி எடுத்தால் பேக்கப் முடிந்தது.

இல்லத்தரசி, திருச்சி: 1995-இல் ஃபாக்ஸ்புரோ படித்தேன். அந்தச் சான்றிதழுக்கு இப்போது மதிப்பு உண்டா?

சான்றிதழுக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. ஃபாக்ஸ்புரோவின் மூதாதை டிபேஸ் என்ற டேட்டாபேஸ் புரோகிராம். வேய்ன் ராட்லிஃப் என்பவர் அமெரிக்கக் கால்பந்தில் பந்தயம் கட்டி ஜெயிக்க வழி தேடப் போய் எழுதியது. கடைக்கு வந்தபோதே அதன் பெயர் 'டிபேஸ் 2'. ஒன்று எங்கே என்று தேடாதீர்கள், அப்படி ஒன்று வந்ததே இல்லை. ஏற்கெனவே தேறிய சரக்கு என்று நம்பவைக்க விற்பனைக்காரர்கள் செய்த வேலை! 1992-இல் ஃபாக்ஸ்புரோவை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2015-இல் ஆதரவையும் நிறுத்திவிட்டது. ஆனால் அது கணக்கைச் சேமித்துவைத்த டிபிஎஃப் ஃபைல்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பழைய கணக்குகள் இன்னும் அவற்றில்தான் தூங்குகின்றன. எழுப்பிப் புது டேட்டாபேஸுக்கு மாற்ற, அவற்றின் பாஷை தெரிந்த ஆள் வேண்டும். லிப்ரே ஆபீஸில் ஒரு டிபிஎஃப்பைத் திறந்து பாருங்கள். பாதி ஞாபகம் தானாக வந்துவிடும்.

மருந்துக்கடை, சேலம்: போன் நம்பரை நம்பர் ஃபீல்டில்தானே வைக்க வேண்டும்?

வைத்தால் முன்னால் இருக்கும் சைபரைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிடும். சென்னையின் 044 வெறும் 44 ஆகும். அது பிரிட்டனின் நாட்டுக் குறியீட்டு எண். மாத்திரைக்கு ஆர்டர் லண்டனில் இருந்து வந்தால் நான் பொறுப்பல்ல. கூட்டிக் கழிக்காத எண்ணை எழுத்தாகவே வையுங்கள். பணத்தை மட்டும் பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள். தசம எண்ணை ஃப்ளோட்டாக வைத்தால் 0.1-உம் 0.2-உம் சேர்ந்து 0.30000000000000004 என்று நிற்கும்.

பயிற்சி மாணவர், ஈரோடு: ஒருவரை டெலீட் செய்தேன், எல்லோரும் போய்விட்டார்கள்!

யாரை என்று சொல்லும் நிபந்தனையை விட்டிருப்பீர்கள். அடுத்த முறை, அதே நிபந்தனையோடு செலக்ட் கொடுத்து யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இந்த முறைக்கு, நேற்றைய பேக்கப் இருக்கிறதா?

ஸ்டோர் உரிமையாளர், தூத்துக்குடி: டி'குரூஸ் என்ற பெயரை ஏற்றினாலே புரோகிராம் நின்றுவிடுகிறது. மற்றவர்கள் பெயர் எல்லாம் ஏறுகிறது.

குற்றம் பெயருக்கு நடுவே உள்ள அந்த ஒற்றை மேற்கோள் குறியில் இருக்கிறது. எஸ்கியூஎல் அதைப் பார்த்ததும் பெயர் முடிந்தது என்று எண்ணி, மிச்சத்தைக் கட்டளையாகப் படிக்கிறது. விஷமக்காரன் ஒருவன் பெயர்க் கட்டத்தில் உண்மையான கட்டளையையே எழுதினால் டேபிளே காலியாகலாம். பெயரைக் கட்டளையோடு ஒட்டித் தைக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பெயரைத் தனியாக அனுப்புங்கள். டி'குரூஸ் அடுத்து கடைக்கு வரும்போது பில்லில் கொஞ்சம் தள்ளுபடி கொடுங்கள். சம்பளம் வாங்காமல் டெஸ்டிங் செய்திருக்கிறார்.